கடினச் சுடோகு: குறிக்கும் முறையும் அவிழ்க்கும் முறையும்

திருத்தணியில் ஏறி சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கும் மின்சார ரயில் பயணிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கையில் கிடைக்கிறது. நாளிதழில் வரும் எளிய சுடோகுவை அரக்கோணத்தில் கூட்டம் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறவர்கள் அந்த ரயிலில் உண்டு. அவர்களே ‘கடினம்’ என்று தலைப்பிட்ட புதிரை எடுத்தால் பத்துப் பன்னிரண்டு எண்களை நிரப்பிவிட்டு, திருவள்ளூர் தாண்டும்போது தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். “இதுக்கெல்லாம் கணக்கு மூளை வேணும்” என்பார்கள். சுடோகுவில் கணக்கே கிடையாது. கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. ஒன்பது எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களின் பெயரை எழுதினாலும் புதிர் அதேதான். எளிய புதிரை மனத்தில் வைத்தே போட்டுவிடலாம். கடினப் புதிருக்கு மனம் மட்டும் போதாது. தெரிந்ததைத் தாளில் எழுதிவைக்க வேண்டும், அதையும் ஓர் ஒழுங்கோடு எழுத வேண்டும். பெரும்பாலோர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எழுதியதை எப்படிப் படிப்பது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஆறெழுத்தில் ஒரு சுடோகு

விதியிலிருந்தே தொடங்குவோம்; அதற்கு எங்கள் ஊரான திருத்தணியின் முருகன் மலை கைகொடுக்கிறது. முருகனின் ஆறெழுத்து மந்திரத்தைச் ‘சரஹணபவ’ என்றும் சொல்வதுண்டு. அப்படிச் சொன்னால் ஆறு எழுத்தும் வெவ்வேறு. முதல் எழுத்தைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி ஆறு வரி எழுதுங்கள்.

ச ர ஹ ண ப வ
ர ஹ ண ப வ ச
ஹ ண ப வ ச ர
ண ப வ ச ர ஹ
ப வ ச ர ஹ ண
வ ச ர ஹ ண ப

எந்த வரியிலும் ஓர் எழுத்து இருமுறை வரவில்லை. மேலிருந்து கீழாகப் பார்த்தாலும் வரவில்லை. இப்படிப்பட்ட அமைப்பைக் கணிதத்தில் லத்தீன் சதுரம் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலர் ஆய்லர் இதை ஆராய்ந்தார். இரண்டு லத்தீன் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது பற்றி அவர் சொல்லிவைத்த ஊகம் ஒன்று 1959இல் தகர்ந்தது. தகர்த்த மூவரில் ஆர். சி. போஸ், எஸ். எஸ். ஷ்ரிகாண்டே இருவரும் இந்தியர்கள். மூன்றாமவர் அமெரிக்கரான ஈ. டி. பார்க்கர்.

ஆனால் மேலே எழுதியது சுடோகு ஆகாது. குறுக்கே மூன்று எழுத்து, நெடுக்கே இரண்டு எழுத்து கொண்ட ஆறு பெட்டிகளாகப் பிரித்துப் பாருங்கள். இடது மேல் பெட்டியில் முதல் வரி சரஹ, இரண்டாம் வரி ரஹண. ‘ர’வும் ‘ஹ’வும் இருமுறை வந்துவிட்டன. இப்போது எழுத்துகளைத் தொடாமல் வரிகளின் இடத்தை மட்டும் 1, 4, 2, 5, 3, 6 என்று மாற்றுங்கள்.

ச ர ஹ | ண ப வ
ண ப வ | ச ர ஹ
———————
ர ஹ ண | ப வ ச
ப வ ச | ர ஹ ண
———————
ஹ ண ப | வ ச ர
வ ச ர | ஹ ண ப

ஆறு பெட்டியிலும் ஆறெழுத்தும் அமைந்துவிட்டன. வரி, பத்தி, பெட்டி என்ற மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தால்தான் சுடோகு. மூன்றாவது நிபந்தனை மற்ற இரண்டையும் குறுக்கே வெட்டுகிறது. கடினப் புதிரின் உத்திகள் எல்லாம் அந்த வெட்டும் இடங்களில்தான் இருக்கின்றன. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த ஆறெழுத்துச் சதுரத்தில் பாதி எழுத்துகளை அழித்துக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். விதி ஒரே நாளில் மனத்தில் பதியும்.

இன்றைய 9×9 வடிவம் 1979இல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் வந்தது. அமைத்தவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். 1984இல் ஜப்பானில் நிகோலி நிறுவனம் அதை வெளியிட்டது. சுடோகு என்ற பெயர் அந்நிறுவனத்தின் மாகி காஜியால் வந்தது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கோல்ட் 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் இதழில் இதை இடம்பெறச் செய்தார். அதன் பிறகு உலகமெங்கும் நாளிதழ்கள் போட்டி போட்டுக்கொண்டு வெளியிட்டன.

கட்டத்துக்கு ஒரு முகவரி

ஒரு கட்டத்தைப் பற்றிப் பேச அதற்கு முகவரி வேண்டும். பாடநூலில் படித்த நிரை, நிரல் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் சுருக்கி எழுத உதவாது. ஆகவே இந்த நூலில் குறுக்கே போவது வரிசை, அதற்கு ‘வ’; நெடுக்கே போவது பத்தி, அதற்கு ‘ப’; மூன்றுக்கு மூன்று பெட்டி சதுரம், அதற்கு ‘ச’. வரிசையை மேலிருந்து கீழாகவும் பத்தியை இடமிருந்து வலமாகவும் எண்ணுங்கள். மூன்றாம் வரிசை, ஏழாம் பத்தி என்றால் வ3ப7. சதுரங்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண்ண வேண்டும்: மேல் மூன்றும் ச1, ச2, ச3, நடுவில் ச4, ச5, ச6, கீழே ச7, ச8, ச9. வரிசை, பத்தி, சதுரம் மூன்றுக்கும் பொதுப்பெயராக ‘வீடு’ என்று சொல்வேன்.

வெளிநாட்டு நூல்களிலும் கணினி நிரல்களிலும் இதே கட்டத்தை ஆர்3சி7 என்று எழுதுவார்கள். அதையும் பழகிக்கொள்வது நல்லது. எங்கள் ஊரில் இது இன்னும் அவசியம். எல்லையோர ஊர் என்பதால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் தெலுங்குப் பத்திரிகை வைத்திருப்பார். புதிர் இருவருக்கும் ஒன்றுதான். முகவரி முறையும் பொதுவாக இருந்துவிட்டால் மொழி தெரியாமலே சேர்ந்து போடலாம்.

இன்னொரு கணக்கும் நினைவில் இருக்கட்டும். ஒரு கட்டம் தன் வரிசையில் 8, பத்தியில் 8, சதுரத்தில் மீதமுள்ள 4 என்று மொத்தம் 20 கட்டங்களைப் ‘பார்க்கிறது’. ஒரு கட்டத்தில் 5 விழுந்தால் அந்த இருபதிலும் 5 வர முடியாது. இனி ‘பார்க்கிறது’ என்று எழுதும்போதெல்லாம் இதைத்தான் குறிப்பிடுகிறேன்.

பென்சில் குறி: இரண்டு சுற்று

எடுத்த எடுப்பில் எல்லாக் கட்டத்திலும் வரக்கூடிய எண்களையெல்லாம் குட்டிக் குட்டியாக எழுதி நிரப்புவது பலருக்கும் பழக்கம். தாள் முழுக்க எறும்பு ஊர்ந்தது போல ஆகிவிடும். எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரியாது. 2007, 2008, 2011 ஆண்டுகளில் உலக சாம்பியனான தாமஸ் ஸ்னைடர் கையாண்ட முறை இதைவிடப் பன்மடங்கு மேல். அவர் பெயராலேயே ஸ்னைடர் குறிமுறை என்று அதைச் சொல்கிறார்கள்.

முதல் சுற்றில் ஒரே ஒரு விதிதான். ஒரு சதுரத்துக்குள் ஓர் எண் சரியாக இரண்டு கட்டங்களில் மட்டுமே வர முடியும் என்றால், அந்த இரண்டு கட்டங்களின் மூலையிலும் அதைச் சிறிதாக எழுதுங்கள். மூன்று இடம் இருந்தால் எழுதக் கூடாது. இரண்டில் ஒன்று அடைபட்டால் மற்றதில் எண்ணைப் போட்டுவிடலாம். தேட வேண்டியதே இல்லை. ஒரு சதுரத்தில் 3, 6 இரண்டும் அதே இரண்டு கட்டங்களில் குறிக்கப்பட்டிருந்தால், அந்த இரண்டும் அவற்றுக்கே உரியவை. வேறு எண் உள்ளே நுழைய முடியாது. மறைந்த ஜோடி என்று பெரிய பெயர் சூட்டித் தனி அத்தியாயம் எழுதுகிற உத்தி இது. ஸ்னைடர் முறையில் குறித்தவருக்கு அது தானாகக் கண்ணில் படும்.

முதல் சுற்றில் ஓட்டம் நின்ற பிறகுதான் இரண்டாம் சுற்று. இப்போது மீதமுள்ள காலிக் கட்டங்களில் வாய்ப்புள்ள எல்லா எண்களையும் எழுதுங்கள். அதற்கும் இடம் குறித்துக்கொள்ளுங்கள்: கைபேசி விசைப்பலகையில் உள்ளது போல 1 இடது மேல் மூலையில், 5 நடுவில், 9 வலது கீழ் மூலையில். எண் எப்போதும் தன் இடத்திலேயே இருந்தால், ஒரு பத்தியில் 6 எங்கெல்லாம் வரலாம் என்று பார்க்கக் கண் தேட வேண்டாம். ஒரே வாட்டத்தில் மேலிருந்து கீழே ஓடினால் போதும். நாளிதழ்த் தாளில் இதைச் செய்ய முடியாது. கட்டம் சிறிது, இரண்டு முறை அழித்தால் தாள் கிழிந்துவிடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புதிரைப் பெரிதாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். எச்பி பென்சில், நல்ல ரப்பர். பேனா வேண்டாம்.

கைபேசிச் செயலிகள் இந்தக் குறிகளைத் தாமாகவே நிரப்பித் தரும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த வசதியை அணைத்து வையுங்கள் என்றே சொல்வேன். கையால் குறிக்கும்போதுதான் எந்த எண் எங்கே நெருக்கடியில் இருக்கிறது என்பது மனத்தில் ஏறுகிறது.

சதுரமும் பத்தியும் வெட்டும் இடம்

முதல் உத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எண் 4. வ2ப8இல் ஒரு 4, வ7ப1இல் ஒரு 4 இருக்கின்றன. ச1இல் 4 எங்கே வரும்? இரண்டாம் வரிசை அடைபட்டது, முதல் பத்தியும் அடைபட்டது. வ1ப3, வ3ப3 இரண்டிலும் வேறு எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் வ1ப2, வ3ப2. இரண்டில் எது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன. ஆகவே இரண்டாம் பத்தியின் 4 இந்தச் சதுரத்துக்குள்தான்; கீழே அந்தப் பத்தியில் வேறெங்கும் 4 வராது.

இப்போது ச4ஐப் பாருங்கள். முதல் பத்தியின் 4 வ7ப1இல் இருக்கிறது. இரண்டாம் பத்தியின் 4 ச1க்குள் மாட்டிக்கொண்டது. ஆக ச4இன் 4 மூன்றாம் பத்தியில் மட்டுமே வர முடியும். அங்கே மூன்றில் இரண்டு கட்டங்கள் நிரம்பியிருந்தால் 4 விழுந்துவிட்டது. எங்கே என்று தெரியாத ஒரு 4, வேறொரு 4இன் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முடிவாகத் தெரியாத செய்தியும் செய்திதான் என்பது கடினச் சுடோகுவின் முதல் பாடம். எளிய புதிர் மட்டுமே போட்டவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள்.

திருப்பியும் இது பொருந்தும். ஒரு வரிசையில் ஓர் எண்ணின் வாய்ப்புகள் எல்லாம் ஒரே சதுரத்துக்குள் இருந்தால், அந்தச் சதுரத்தின் மற்ற இரண்டு வரிசைகளிலிருந்தும் அந்த எண்ணை அடித்துவிடலாம்.

ஜோடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐந்தாம் வரிசையில் நான்கு கட்டங்கள் காலி: ப1இல் 2, 8, ப4இல் 2, 8, ப6இல் 2, 5, 8, ப9இல் 5, 7, 8. முதல் இரண்டும் 2ஐயும் 8ஐயும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே ப6இல் மிஞ்சுவது 5. அது விழுந்ததும் ப9இல் 7. மூன்று கட்டங்களில் மூன்றே எண்கள் என்றாலும் இதே வாதம்தான். மூன்று கட்டங்களிலும் மூன்று எண்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 1, 4 என்றும் 4, 9 என்றும் 1, 9 என்றும் இருந்தாலும் போதும்.

வலுப்பிணைப்பு

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் ஓர் எண்ணுக்கு இரண்டே இடங்கள் இருந்தால், ஒன்றில் இல்லை என்றால் மற்றதில் இருந்தே தீர வேண்டும். இதை வலுப்பிணைப்பு என்போம். ஒரு கட்டத்தில் இரண்டே எண்கள் இருந்தாலும் அப்படித்தான். 3 இல்லை என்றால் 7. முதல் சுற்றில் நீங்கள் கட்ட மூலைகளில் போட்ட குறிகள் ஒவ்வொன்றும் வலுப்பிணைப்புகளே. ஸ்னைடர் முறையின் அருமை அதுதான்: கடின உத்திக்கு வேண்டிய மூலப்பொருளை எளிய நிலையிலேயே சேர்த்துவைத்துவிடுகிறது.

ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கட்டங்களில் ஒரே எண்ணுக்கு வாய்ப்பு இருந்தால், ஒன்றில் அது வந்தால் மற்றதில் இல்லை. இது மென்பிணைப்பு. வலுப்பிணைப்பு ‘இல்லை என்றால் உண்டு’ என்கிறது. மென்பிணைப்பு ‘உண்டு என்றால் இல்லை’ என்கிறது. இரண்டையும் மாறி மாறிக் கோத்தால் சங்கிலி.

எக்ஸ்-விங் என்று புகழ்பெற்ற உத்தியை இப்போது பாருங்கள். இரண்டாம் வரிசையில் 6க்கு இரண்டே இடங்கள்: ப3, ப8. ஏழாம் வரிசையிலும் அதே ப3, ப8. மேலே ப3 என்றால் கீழே ப8. மேலே ப8 என்றால் கீழே ப3. எப்படிப் போனாலும் இரண்டு பத்திகளின் 6களும் இந்த நான்கு மூலைகளில் தீர்ந்துவிடுகின்றன. மூன்றாம், எட்டாம் பத்திகளில் வேறெங்கும் உள்ள 6களை அடித்துவிடலாம்.

நான்கு மூலையும் நேராக அமைவது அரிது. ஒரு மூலை விலகி நிற்பதுதான் அடிக்கடி வரும். இரண்டாம் வரிசையில் 6க்கு ப3, ப8. ஏழாம் வரிசையில் ப3, ப9. எக்ஸ்-விங் இல்லை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. மூன்றாம் பத்தியில் இரண்டு 6 இருக்க முடியாது. ஆகவே வ2ப8, வ7ப9 இரண்டில் ஒன்றிலாவது 6 உறுதி. இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கட்டங்கள் எவை? வ1ப9, வ3ப9 இரண்டும் வ2ப8ஐத் தம் சதுரம் வழியாகவும், வ7ப9ஐப் பத்தி வழியாகவும் பார்க்கின்றன. கீழே வ8ப8, வ9ப8 இரண்டும் அதே மாதிரி. நான்கிலும் 6 செத்தது. ஸ்கைஸ்க்ரேப்பர் என்று இதற்குப் பெயர். எக்ஸ்-விங்கைவிட இது பல மடங்கு அதிகமாகப் புதிர்களில் கிடைக்கும். முதலில் இதைத் தேடுங்கள்.

அடுத்து எக்ஸ்ஒய்-விங். இதில் ஓர் எண்ணுக்குப் பதில் மூன்று எண்கள். வ4ப2இல் 3, 7. அதே சதுரத்தில் வ6ப3இல் 3, 9. அதே வரிசையில் வ4ப8இல் 7, 9. நடுக்கட்டமான வ4ப2இல் 3 வந்தால் வ6ப3இல் 9. 7 வந்தால் வ4ப8இல் 9. எப்படியும் மற்ற இரண்டு கட்டங்களில், அதாவது சிறகுகளில், ஒன்றிலாவது 9 உறுதி. இரு சிறகுகளையும் பார்க்கும் கட்டங்களில் 9 வராது: வ4ப1, வ4ப3, வ6ப7, வ6ப8, வ6ப9. ஐந்து கட்டங்கள்! பெரும்பாலோர் முதல் இரண்டை அடித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு சிறகு சதுரத்துக்குள்ளும் மற்றது வெளியேயும் இருந்தால் வலது பக்கத்து மூன்றையும் மறக்காதீர்கள்.

சங்கிலியை ஒரே வரியில் எழுதுவது

இவ்வளவு நேரம் வாக்கியங்களில் சொன்னதை ஒரு வரியில் எழுத முடியும். வலுப்பிணைப்புக்கு ‘=’, மென்பிணைப்புக்கு ‘−’. அவ்வளவுதான் இலக்கணம். ஸ்கைஸ்க்ரேப்பரை இப்படி எழுதலாம்:

(6)வ2ப8 = (6)வ2ப3 − (6)வ7ப3 = (6)வ7ப9

படிக்கும் விதம்: வ2ப8இல் 6 இல்லை என்றால் வ2ப3இல் உண்டு, அங்கே உண்டு என்றால் வ7ப3இல் இல்லை, அங்கே இல்லை என்றால் வ7ப9இல் உண்டு. தொடக்கம் இல்லை என்றால் முடிவு உண்டு. ஆக இரு முனைகளில் ஒன்றாவது உண்மை.

ஒரே கட்டத்துக்குள் இரண்டு எண்களுக்கு இடையே வலுப்பிணைப்பு இருந்தால் இரண்டையும் அடைப்புக்குள் சேர்த்து எழுத வேண்டும். எக்ஸ்ஒய்-விங் இப்படி வரும்:

(9=3)வ6ப3 − (3=7)வ4ப2 − (7=9)வ4ப8

இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்தான் வேறு, வாக்கியம் ஒன்றே. சமக்குறியில் தொடங்கி, மாறி மாறி வந்து, சமக்குறியில் முடிகிறது. உத்திகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து மலைத்துப்போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வாள்மீன், சிறகு, பட்டம் என்று ஆங்கில நூல்கள் டஜன் கணக்கில் பெயர் வைத்திருக்கின்றன. பெரும்பாலானவற்றை இந்த ஒரே இலக்கணத்தில் எழுதிவிடலாம். எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் தேவையில்லை.

பெயரே இல்லாத ஒரு சங்கிலியைப் பார்ப்போம். முதல் வரிசையில் 5க்கு இரண்டே இடங்கள்: வ1ப4, வ1ப9. வ6ப9இல் 2, 5. நடுச் சதுரமான ச5இல் 2க்கு இரண்டே இடங்கள்: வ6ப6, வ5ப4. கோத்தால்:

(5)வ1ப4 = (5)வ1ப9 − (5=2)வ6ப9 − (2)வ6ப6 = (2)வ5ப4

வ1ப4இல் 5 இல்லை என்றால் வ1ப9இல் 5. அப்போது ஒன்பதாம் பத்தியில் வ6ப9 தன் 5ஐ இழந்து 2 ஆகிறது. ஆறாம் வரிசையில் வ6ப6 தன் 2ஐ இழக்கிறது. ச5இன் 2 வ5ப4க்குப் போகிறது. சுருக்கமாக, வ1ப4இல் 5 அல்லது வ5ப4இல் 2. முனைகளில் எண்கள் வேறு வேறு, இதனால் என்ன லாபம் என்று தோன்றும். இரண்டு முனைகளும் நான்காம் பத்தியில் இருக்கின்றன. வ5ப4இல் 5 வந்தால் அங்கே 2 இல்லை. அப்படியென்றால் வ1ப4இல் 5 வர வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு 5. முடியாது. ஆகவே வ5ப4இன் 5ஐ அடிக்கலாம். அதே காரணத்தால் வ1ப4இன் 2ஐயும் அடிக்கலாம். ஒரு சங்கிலி, இரண்டு வெட்டு. முழுப் புதிரும் பல சமயம் இப்படி ஒரே வெட்டில் கட்டவிழ்ந்து ஓடும்.

சங்கிலியை எங்கிருந்து தொடங்குவது? இரண்டே எண்கள் உள்ள கட்டங்களை முதலில் வட்டமிடுங்கள். பிறகு எந்த எண்ணுக்கு வலுப்பிணைப்புகள் அதிகம் என்று பாருங்கள். அவை நெருங்கி இருக்கும் பகுதியில் தேடினால் பலன் கிடைக்கும். வெறிச்சோடிய சதுரத்தில் தேடுவது நேர விரயம்.

இது ஊகம் இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. ஒரு கட்டத்தில் 5 போட்டுப் பார்த்து, முப்பது எண்கள் நிரப்பிய பிறகு முட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அழிப்பது ஊகம். அதில் விடை கிடைத்தாலும் ஏன் கிடைத்தது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல முடியாது. சங்கிலியில் எந்த எண்ணையும் போடுவதில்லை. ஒரு வரி எழுதுகிறோம், அதை யாரும் சரிபார்க்கலாம்.

ஒரே விடை என்ற வாக்கு

முறையான சுடோகுவுக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். அமைத்தவர் தரும் அந்த வாக்கையே ஆயுதமாக்கலாம். வ1ப1, வ1ப5, வ2ப1, வ2ப5 என்ற நான்கு மூலைகள். இரண்டு வரிசை, இரண்டு பத்தி, இரண்டே சதுரம். மூன்றில் 4, 8 மட்டும். நான்காவதில் 4, 8, 1. நான்காவதிலும் 4, 8 மட்டும் என்று ஆகிவிட்டால், 4ஐயும் 8ஐயும் இடம் மாற்றி இரண்டு விடைகள் எழுதிவிடலாம். அது கூடாது, ஆகவே அங்கே 1. நான்கும் நாம் நிரப்ப வேண்டிய கட்டங்களாக இருந்தால்தான் இது செல்லும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத புதிரில் இதைப் பயன்படுத்தாதீர்கள். வாக்கே இல்லாத இடத்தில் அதன் மேல் முடிவு கட்டினால் விடை தவறிவிடும்.

கொடுத்த எண்கள் குறையக் குறையக் கடினம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. ஒரே விடை வர 17 எண்களாவது கொடுத்தாக வேண்டும் என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்குவயரின் குழு கணினித் தேடலால் நிறுவி 2012இல் அறிவித்தது. ஆனால் 17 எண் புதிர்களில் பல, இந்த அத்தியாயத்தின் முதல் பாதியோடு முடிந்துவிடும். உலகிலேயே கடினமானது என்று அதே ஆண்டு நாளிதழ்கள் எழுதிய ஃபின்லாந்து கணிதவியலர் ஆர்டோ இன்காலாவின் புதிரில் கொடுத்த எண்கள் 21. எத்தனை எண்கள் என்பதைவிட அவை எங்கே இருக்கின்றன என்பதே புதிரின் கடுமையைத் தீர்மானிக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

பழகும் வழி

ஒரு கடினப் புதிரை நோட்டில் படியெடுங்கள். முதல் சுற்றை முடியுங்கள். ஓட்டம் நின்ற இடத்தில் பக்கத்தை அப்படியே இன்னொரு பக்கத்தில் படியெடுத்து, இரண்டாம் சுற்றுக் குறிகளை அதில் போடுங்கள். இதனால் தவறு நேர்ந்தாலும் முதல் பக்கம் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணமான சங்கிலியை ஓரத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். எழுத முடியாத வெட்டைச் செய்யாதீர்கள். ஒரு புதிர் ஒரு வாரம் இழுத்தாலும் பரவாயில்லை. விடைப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். வேகம் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம், அது பின்னால் வரும்.

பழகிய பிறகு போட்டிப் பக்கமும் எட்டிப் பாருங்கள். உலக சுடோகு சாம்பியன்ஷிப் 2006இல் இத்தாலியின் லூக்கா நகரில் தொடங்கியது. 2008இல் கோவாவிலும் 2017இல் பெங்களூரிலும் நடந்தது. அரக்கோணத்தில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூரு. இந்தியாவில் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா என்ற அமைப்பு தேசியப் போட்டிகளையும் இணையவழிப் போட்டிகளையும் நடத்துகிறது. வயது வரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் கலந்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் ஒரே தாளை எழுதுகிற போட்டிகள் அதிகம் இல்லை. அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் குறைந்தது மூன்று புதிர்களையாவது சங்கிலியை ஓரத்தில் எழுதி முடித்துவிட்டு வாருங்கள். அங்கே வரும் நிறமிடும் முறைக்கு இந்த இலக்கணம் கட்டாயம் வேண்டும்.